ரிலீவர் வரும்வரை

மார்ச் 3

இந்த டைரி மகள் கொடுத்தது. கல்லூரி விடுதியில் கோலப் போட்டியில் ஜெயித்தாளாம், அதற்குப் பரிசு. “வீட்டுல சும்மாதான இருக்கீங்க, எதையாச்சும் எழுதுங்கம்மா” என்றாள். சும்மா! அத்தையைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, துணி மாற்றுவது, அந்தத் துணியை அலசுவது, கேப்பைக் கூழை ஸ்பூனால் ஊட்டுவது, ஊட்டியதில் பாதி கழுத்தில் வழிந்தால் அதையும் துடைப்பது, மறுபடி புரட்டுவது. இதற்குப் பெயர் சும்மா என்றால் சரி, சும்மாதான் இருக்கிறேன்.

யாராவது எடுத்துப் படித்தால் விவரம் புரிய வேண்டும் அல்லவா. என் பெயர் அழகுமீனா. ரயில்வேயில் கேட் கீப்பர். ஊருக்குத் தெற்கே, தீப்பெட்டி ஆபீசுகளைத் தாண்டி இருக்கிற லெவல் கிராசிங் என்னுடையது. என்னுடையது என்றுதான் சொல்வேன். டிராக்மேனாக இருந்த அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்குக் கிடைத்த வேலை அது. தைப்பொங்கல் கழிந்த கையோடு என் மாமியார் சீனியம்மாளுக்குப் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறுகிறது. நான் லீவு போட்டேன். வேறு யார் போடுவது? என் வீட்டுக்காரர் பால்ச்சாமி தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கடையை மூடினால் ஆட்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்கிறார். ரயில் மட்டும் எனக்காக நின்று காத்திருக்கும் போல.

ஏப்ரல் பத்தாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் கேட்டில் நிற்க வேண்டும். அதற்குமேல் லீவு இல்லை, வராவிட்டால் வேலை போய்விடும் என்று இன்ஜினியர் சார் சொல்லிவிட்டார். அதற்குள் அத்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். செய்துவிடுவார். சொன்னால் செய்கிறவர்தான்.

மார்ச் 5

அத்தையின் அறை ஜன்னலுக்கு வெளியே ஓடாத ஏர்கூலர் ஒன்று கம்பிச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று கோடையாக ரிப்பேர். அதன் தலையில் இன்று இரண்டு மணிப்புறாக்கள் வந்து இறங்கின. கழுத்தின் பின்னால் கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்துப் பாசி கோத்துக் கட்டிய மாதிரி இருக்குமே, அந்தப் புறா. கோயில் கோபுரத்தில் கூட்டமாக அடையும் மாடப்புறா வேறு. இவை ஜோடியாகத்தான் திரியும், தரையில் பொறுக்கித் தின்னும், ஆள் கிட்டே போனால் படபடவென்று சத்தம் போட்டு எழும்பும்.

ஒன்று தொண்டையை உப்பிக்கொண்டு, தலையைத் தாழ்த்தித் தாழ்த்திக் கும்பிடு போட்டது. இன்னொன்று கண்டுகொள்ளாமல் நடந்தது. இவன் விடவில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவர் போட்ட கும்பிடு எனக்கு நினைவு வந்தது.

கும்பிடு போடுகிறவனுக்கு இடது காலில் ஒரு விரல் இல்லை. நூல் சுற்றி அறுந்திருக்கும். அதை வைத்து அடையாளம் தெரிகிறது, இல்லாவிட்டால் இரண்டும் ஒரே அச்சு.

மார்ச் 6

கூடு கட்டுகிறார்கள். கட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச் 8

இப்படி ஒரு சோம்பேறிக் கட்டுமானத்தை நான் கண்டதில்லை. விரலில்லாதவன் வேப்பங்குச்சியைக் கொண்டுவருகிறான். பெட்டை உட்கார்ந்திருக்கிறாள். இவன் அவள் முதுகில் ஏறி நின்று, மேலிருந்து குச்சியைக் கொடுக்கிறான். அவள் வாங்கி உடம்புக்கு அடியில் செருகிக்கொள்கிறாள். அவ்வளவுதான். ஒரு கைப்பிடிக் குச்சி, நடுவில் கூலரின் தகரம் தெரிகிறது. தூக்கணாங்குருவி பார்த்தால் சிரித்துச் செத்துவிடும்.

அதன்மேல் இன்று ஒரு முட்டை கிடக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். கட்டிலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் அவர்களுக்கும் தெரியும் என்று தோன்றியது. தனியாக இழுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் அப்போது வீட்டில்தான் இருந்தார். நிலைப்படியில் நின்று, “பாத்து, பாத்து” என்றார். அவர் இந்த அறைக்குள் வருவதில்லை. அத்தைக்குக் கூச்சமாக இருக்கும் என்பதால்தான். பெற்ற மகன் அம்மாவுக்குத் துணி மாற்றுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. மகள் செய்யலாம். மருமகள் செய்யலாம். மருமகள் செய்தே ஆக வேண்டும்.

மார்ச் 10

நேற்று இரண்டாவது முட்டை. இன்று முதல் டூட்டி ஆரம்பம்.

நான் கேட்காரி, எனக்கு இதெல்லாம் உடனே கண்ணில் படும். காலையில் பள்ளிக்கூட மணி அடித்த கொஞ்ச நேரத்தில் விரலில்லாதவன் வந்து கூலர் விளிம்பில் இறங்குகிறான். பெட்டை எழுந்திருக்கிறாள். இவன் பக்கவாட்டில் நகர்ந்து போய் உட்கார, அவள் பறக்கிறாள். பகல் முழுக்க இவன்தான். வெயில் சாய்ந்து சாயங்காலப் பாசஞ்சர் ஊதிக்கொண்டு போகும் நேரத்தில் அவள் வருகிறாள், இவன் கிளம்புகிறான். ராத்திரி அவளுடையது.

முட்டை ஒரு நிமிஷம்கூடத் திறந்து கிடக்கவில்லை. எங்கள் கேட்டிலும் அப்படித்தான். அடுத்த ஆள், நாங்கள் ரிலீவர் என்போம், வந்து நின்று பச்சைக்கொடி, சிவப்புக்கொடி, விளக்கு, சாவி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொண்டால்தான் முந்தைய ஆள் படி இறங்கலாம்.

மார்ச் 13

இன்று ஒரு ரகளை.

மதியம் சாப்பிட வந்தவர் கூட்டைப் பார்த்துவிட்டார். “புறா அடைஞ்சா வீடு வெளங்காது மீனா. இருக்குற கஷ்டம் பத்தாதா?” என்று ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு போனார். வெளிச்சந்தின் வழியாகத்தான், அறைக்குள் வரவில்லை. கம்பை ஓங்கினார். விரலில்லாதவன் எழுந்திருக்கவில்லை. இறக்கையைப் பாதி விரித்து அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம். “முட்ட…” என்றார்கள் அத்தை. எனக்கே முதலில் விளங்கவில்லை. எச்சில் ஒழுக, கழுத்து நரம்பு புடைக்க மறுபடியும், “முட்டடா… முட்ட இருக்கு… விடுறா.”

இரண்டு மாதத்தில் அத்தை பேசிய நீளமான வாக்கியம் அதுதான். ஒரு காலத்தில் மூன்றாவது தெருவில் நின்றால்கூடக் கேட்கும் குரல். என்னை எத்தனை நாள் அழ வைத்த குரல். அவர் கம்பைக் கீழே போட்டார். ஜன்னல் கம்பி வழியாக அம்மாவை ஒரு கணம் பார்த்தார், சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆள் ஏற்பாடு என்னாச்சு என்று சாப்பிடும்போது கேட்டேன். மதுரையில் ஒரு ஏஜென்சியில் கேட்டிருக்கிறாராம், யாரும் இந்த ஊருக்கு வர மாட்டேன் என்கிறார்களாம். பாவம், அவரும் எவ்வளவுதான் அலைவார்.

மார்ச் 15

வெயில். கரண்ட் இல்லை. விசிறினேன்.

மார்ச் 16

வெயில். விசிறினேன்.

மார்ச் 19

கருத்தப்பாண்டி அண்ணன் வந்திருந்தார். என் கேட்டில் எனக்கு மாற்றாக நிற்பவர். என்னால் அவருக்கு வார ஓய்வுகூடச் சரியாகக் கிடைப்பதில்லை. முகம் கறுத்துக் கண் உள்ளே போயிருக்கிறது. ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. கொய்யாப்பழம் வாங்கி வந்திருந்தார்.

“தங்கச்சி, பத்தாந்தேதி வந்துருவீல்ல? ஒன் எடத்துக்கு ஆள் கேட்டு ரெண்டு பேரு மனுப் போட்டுட்டான். சாரு என்கிட்டயே கேக்குறாரு, அந்தம்மா வருமா வராதான்னு.”

“வந்துருவேண்ணே. இவுக ஆள் பாத்துக்கிட்டு இருக்காக.”

“யாரு, மச்சானா? முந்தாநா கேரம் கிளப்புல பாத்தேனே. நீ வேலைய விடப்போறன்ற மாதிரில்ல பேசுனாரு.”

அண்ணனுக்குக் காது கொஞ்சம் மந்தம், ரயில் சத்தத்திலேயே இருந்தவர். வேறு ஏதாவது சொல்லியிருப்பார்.

அவர் போன பிறகு கேட்டின் நினைப்பாகவே இருந்தது. சக்கரத்தைச் சுற்றும்போது கட்டை இறங்குகிற சத்தம், தூரத்தில் தண்டவாளம் முனகுவது, வண்டி கடந்த பிறகு முகத்தில் அடிக்கும் அந்தக் காற்று. ஒருமுறை பெருமழையில் ரிலீவர் வரவில்லை. அன்றைக்கு நான் இரண்டு டூட்டி சேர்த்து நின்றேன். கேட்டை விட்டு ஓர் அடி நகரவில்லை. அதற்காகப் பெருமைப்பட்டுக்கொண்டவள் நான். நகராமல் நிற்பதில் எனக்கு இணை கிடையாது.

மார்ச் 22

“நான் ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காத” என்று ஆரம்பித்தார். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்கிறார். வெயிலிலும் மழையிலும் நின்று கால் நரம்பு சுருண்டதுதான் மிச்சமாம். வீட்டில் இருந்தால் உடம்புக்கும் ஓய்வாம்.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கால் நரம்பு சுருண்டிருப்பது உண்மைதான்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டுப் போய் அடுப்படியில் ஒரு சட்டியைப் போட்டு உடைத்தேன். கை தவறிவிட்டது.

மார்ச் 23

குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டும். மஞ்சள் மயிர் ஒட்டிய இரண்டு அசிங்கங்கள், கண் மூடியிருக்கிறது, மூக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரியதாக. அத்தை பார்த்துவிட்டு இடது வாயால் சிரித்தார்கள்.

மார்ச் 25

குஞ்சு தன் மூக்கைத் தகப்பன் வாய்க்குள் விட்டு எதையோ உறிஞ்சுகிறது. அவன் உடம்பு முழுக்கக் குலுங்குகிறது. மூக்கு ஓரத்தில் தயிர்க்கட்டி மாதிரி ஒட்டியிருந்தது. தானியம் இல்லை. மகளைப் போனில் கேட்டேன். தேடிப் பார்த்துச் சொன்னாள். பால்தானாம். தொண்டைப் பையில் சுரக்குமாம். தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும் சுரக்குமாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன். “ஆம்பளப் புறாவும் பால் குடுக்குதாங்க.”

“ரசத்த ஊத்து” என்றார்.

மார்ச் 29

அத்தைக்கு இடுப்பில் தோல் சிவந்திருக்கிறது. புண்ணாகிவிடுமோ என்று பயம். ராத்திரியிலும் அடிக்கடி எழுந்து புரட்டுகிறேன். தேதி ஓடுகிறது. விஜயராணி வந்து பத்து நாள் இருந்தால் போதும், அதற்குள் ஒரு வழி பிறக்கும் என்று அவரிடம் சொன்னேன். விஜயராணி அவருடைய தங்கை, ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இவர் தினமும் அவளிடம் கேட்கிறாராம். மகனுக்குப் பரீட்சையாம், வர முடியாதாம்.

அவளுக்கும் அவள் கஷ்டம். பெற்ற மகளே வராதபோது நான் யாரை நோவது.

பின்குறிப்பாக ஒன்று. வாசல் கதவு திறந்துதான் கிடக்கிறது. தெரு தெரிகிறது, பஸ் போவது தெரிகிறது. இரண்டு மாதத்தில் நான் போன தூரம் அண்ணாச்சி கடை. அதுவும் ஓட்டமாகப் போய் ஓட்டமாக வந்தது. பூட்டி வைத்தால்கூடப் பூட்டை உடைக்கலாம். இதில் எதை உடைப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 1

பாசஞ்சர் ஊதிவிட்டுப் போய்விட்டது. பெட்டை வரவில்லை.

விரலில்லாதவன் கூட்டிலேயே இருந்தான். பொழுது சாய்ந்தது. கழுத்தை நீட்டி முருங்கை மரத்தைப் பார்த்தான், கேபிள் வயரைப் பார்த்தான். பிறகு கூவ ஆரம்பித்தான். கூட்டில் இருக்கும்போது அவை சத்தம் காட்டாது. காட்டினால் காக்காய்க்குத் தெரிந்துவிடும். இவன் கூவினான். நிறுத்திக் கேட்டான். மறுபடி கூவினான். அத்தை என்னைப் பார்த்தார்கள், நான் அத்தையைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மழை நாளில் நான் சும்மா நிற்கவில்லை. ரிலீவர் வரவில்லை என்று தெரிந்ததும் ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். பதில் வரும்வரை மறுபடி மறுபடி போட்டேன். ஆள் வரவில்லை என்றால் நிற்க வேண்டும், அது பாதி விதி. ஆள் வேண்டும் என்று நானே கேட்க வேண்டும், அது மீதி. இந்த வீட்டில் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை நாள் நின்றிருக்கிறேன். கேட்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டேன். விஜயராணிக்கு நான் ஒருமுறைகூடப் போன் போடவில்லை. வீம்பு. கூப்பிட்டால்தான் வருவாளா என்ற வீம்பு.

போட்டேன்.

“ராணி, மகனுக்குப் பரிச்சை எப்ப முடியுது?”

“என்ன மதினி கேக்குறீங்க? அவன் ரெண்டாப்பு படிக்கிறான். அவனுக்கு என்ன பெரிய பரிச்சை?”

“இல்ல, அதனாலதான் ஒன்னால வர முடியலன்னு…”

“யாரு சொன்னா? நான் மாசி மாசமே பெட்டியக் கட்டி வச்சுட்டேன் மதினி. அண்ணந்தான் வராத வராதன்னுச்சு. நீங்க வேலைய எழுதிக் குடுத்தாச்சு, ஒரு கட்டிலுக்கு ரெண்டு பொம்பள எதுக்குன்னுச்சு. மதுரையில ஒரு நர்சம்மாவக்கூட நான் பேசி வச்சேன். வேண்டாம்னு அண்ணன் அந்த நர்சம்மாகிட்டயே சொல்லிருச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?”

“மதினி, மதினி” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

“எப்ப வர்ற?” என்று மட்டும் கேட்டேன்.

“பத்தாந்தேதி என் மாமனாருக்குக் கண் ஆபரேசன். பதிமூணாந்தேதி வந்துர்றேன். ஒரு மாசம் இருக்கேன். எங்கம்மா மதினி, எனக்கு இல்லாத கவலையா?” அழுதாள். நானும்தான்.

கோபம் வரவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். வந்தது. இவ்வளவு கோபம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

ஏப்ரல் 2

குழாயடியில் இறகுகள் கிடந்தன. வாலின் வெள்ளை நுனி, கழுத்துப் பொட்டு எல்லாம் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பூனையாக இருக்கும். கூட்டி அள்ளினேன்.

அவரைக் கேட்டேன். சண்டை போட நினைத்துத்தான் கேட்டேன். பொய் சொல்வார், நானும் கத்தலாம் என்று இருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“ராணி வந்தா ஒரு மாசம் இருப்பா. நர்சு வந்தா ரெண்டு மாசம் இருப்பா. அவுக போனப்புறம், நீயும் வேலைக்குப் போனப்புறம், அந்த ரூமுக்குள்ள நான்தான போகணும்? என்னால முடியாது மீனா. அந்த வாடை… எங்கம்மா அப்படிக் கெடக்குறத என்னால பாக்க முடியல.”

“நான் பாக்குறேன்ல?”

“நீ பொம்பள.”

“எனக்கும் கொமட்டுச்சு. மொதோ வாரம் நான் சோறு திங்கல. நீங்க கவனிக்கல.”

அவர் எழுந்து சட்டையை மாட்டினார். கடைக்குப் போய்விட்டார். போகும்போது சட்டையின் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இரண்டு மாதமாக இந்த ஆள் கெட்டிக்காரத்தனமாக என்னை மடக்கினார் என்று நேற்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தேன். இல்லை, பயந்துகொண்டு இருந்திருக்கிறார். அதைத் தெரிந்துகொண்டதால் கோபம் குறையவில்லை. எங்கே வைப்பது என்றுதான் தெரியாமல் போய்விட்டது.

ஏப்ரல் 3

சின்னக் குஞ்சு செத்துவிட்டது. பெரியதற்குத் தகப்பன் ஊட்டுகிறான். இரை தேடவும் அவனே, காவலுக்கும் அவனே. ஓடி ஓடி வருகிறான். இளைத்துவிட்டான்.

புறாவைப் பார்த்துப் பாடம் படிக்கும் அளவுக்கு நான் இன்னும் இறங்கிவிடவில்லை. பார்த்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

ஏப்ரல் 4

பேச்சுவார்த்தை இல்லை. சாம்பார்.

ஏப்ரல் 6

குஞ்சு பறந்துவிட்டது. கூலரிலிருந்து ஜன்னல் கம்பி, கம்பியிலிருந்து சுவர், சுவரிலிருந்து முருங்கை. அத்தை இடது கையைத் தூக்கிக் காட்டினார்கள். கூட்டில் எச்சமும் நாலு குச்சியும் மிச்சம்.

ஏப்ரல் 8

விரலில்லாதவன் கேபிள் வயரில் ஒரு புதுப் பெட்டைக்கு முன்னால் தொண்டையை உப்பிக் கும்பிடு போடுகிறான். பெண்டாட்டி போய் ஒரு வாரம். ஆண் என்றால் ஆண்தான். எங்கள் அத்தையும் நானும் சேர்ந்து சிரித்தோம். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்தது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 9

நாளைக்குப் போகிறேன் என்று அத்தையிடம் சொன்னேன். பதிமூன்றாம் தேதி ராணி வந்துவிடுவாள், அதுவரை மூன்று நாளும் பகலில் உங்கள் மகன் இருப்பார் என்றேன். அவரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். “ம்” என்றார். அந்த ம்முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அத்தையின் முகம் மாறிவிட்டது.

“அவன் வேணாம்.”

“மூணு நாளுதான் அத்தை.”

“வேணாம். பெத்த பிள்ள… பாக்கவா? நான் செத்துப் போறேன்.”

நல்ல கையால் சேலையை இழுத்து இழுத்துக் காலை மூடினார்கள். அழுகை வாயின் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தது. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீ இரு. நீ இரு தாயி.”

தாயி. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அதை இன்றைக்கா சொல்ல வேண்டும்?

போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். உண்மையாகவே முடிவு செய்து, இன்ஜினியர் சாருக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே துணி அலசினேன். அலசி முடிக்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இன்று இருந்தால் நாளையும் இருப்பேன். அத்தைக்குப் பிறகு இன்னொருவர் படுப்பார், அவருக்கும் இருப்பேன். கடைசியில் நான் படுக்கும்போது மகளின் வேலை போகும்.

சாயங்காலம் போய் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். “அத்தை, நான் ஒங்கள விட்டுட்டுப் போகல. வேலைக்குப் போறேன். நாலு மணிக்கு டூட்டி முடிஞ்சா வீட்டுக்குத்தான் வருவேன்.” அவர்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆனாலும் யூனிபார்மை எடுத்து இஸ்திரி போட்டேன்.

ஏப்ரல் 10

கேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடியுமுன் எழுந்து அத்தைக்கு வெந்நீரில் துடைத்துவிட்டு, துணி மாற்றி, கூழ் கொடுத்து, எல்லாம் கைக்கெட்டும்படி எடுத்து வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் வரை தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்காது என்று எனக்குத் தெரியும். அவர் நிலைப்படியில் லுங்கியோடு நின்றார். “நான் கெளம்புறேன்” என்றேன். அவர் எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார். வெளிப்பக்கம் ஒதுங்குவார் என்று நினைத்தேன், உள்பக்கம் ஒதுங்கினார்.

கருத்தப்பாண்டி அண்ணன் என்னைக் கண்டதும் சாவியைக் கையில் வைத்து அழுத்தினார். அவர் சைக்கிள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வண்டிக்குக் கேட் அடைத்தேன். கை மறக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தபோது வாய்விட்டு “அப்பாடி” என்றேன். கேட்டில் நின்ற லாரிக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. வீட்டுக்காரர். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் அத்தை அழுகிற சத்தம்.

“என்னங்க?”

“மீனா.” மறுபடி மூச்சு. “எங்கருந்து ஆரம்பிக்கணும்?”

நான் வந்துவிடுகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன்.

“மொதல்ல ஜன்னலையும் கதவையும் சாத்துங்க. ஃபேன நிறுத்துங்க, அம்மாவுக்குக் குளிரும். பெரிய துண்ட மேல போத்திக்கிட்டு, உள்ளுக்குள்ள கையவிட்டுத் தொடைங்க. பாக்கணும்னு இல்ல. கை பாத்துக்கிரும். நீங்க மூஞ்சியப் பாத்துப் பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க.”

“என்ன பேச?”

“எதையாச்சும். கடையில என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க.”

அதற்குள் ஸ்டேஷனிலிருந்து மணி அடித்தது. எக்ஸ்பிரஸ் வருகிறது. “கேட் அடைக்கணும், வைக்கிறேன்” என்று வைத்துவிட்டேன். சக்கரத்தைச் சுற்றினேன். கொடியைப் பிடித்து நின்றேன், வண்டி போனது. திரும்பப் போன் போடவில்லை. அவரும் போடவில்லை.

அதே நாள், வீட்டில்

நாலு மணிக்கு ரிலீவர் வந்தார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் ஆட்டோவில் வந்தேன்.

அத்தையின் தலை வகிடு கோணலாக இருந்தது. ஜாக்கெட்டில் ஒரு கொக்கி மேலே, ஒன்று கீழே. நெற்றியில் திருநீறு அள்ளி அப்பியிருந்தது. துணி சுத்தமாக இருந்தது, படுக்கை விரிப்பு சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள் என்று பயந்தேன்.

“தண்ணி,” என்றார்கள், ஒவ்வொரு வார்த்தையாக இழுத்து, “கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டான், மூதேவி. ஒண்ணும்… தெரியல அவனுக்கு.”

“நாளைக்குச் சரியா ஊத்தச் சொல்றேன் அத்தை.”

“சொல்லு” என்றார்கள்.

பின்கட்டில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அம்மாவின் சேலையைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அது தெரியும், கழுத்து சிவந்திருந்தது. நுரை போகாத சேலையைப் பிழியத் தெரியாமல் ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் அழுது வீங்கியிருந்தது.

கை தானாக நீண்டது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன். போய் வாங்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தேன்.